பழைய கல்வி செஸ் எங்கே போனது?

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, தாராவியின் இளைஞர்களே, வணக்கம்.

முனிசிபல் பள்ளிகளைக் காப்பாற்ற சொத்து வரியோடு புதிதாக ஒரு பள்ளி வரி போட வேண்டும் என்று போன கூட்டத்தில் நண்பர் ஒருவர் இங்கே பேசினார். நம் பகுதி விவகாரங்களை விடாமல் எழுதி வருகிறவர். தமிழ்வழிப் பள்ளிகளுக்காக வார்டு ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றவர். அவர் நோக்கத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் அவர் கேட்கும் வரியை நான் எதிர்க்கிறேன்.

மும்பை சொத்து வரி பில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பொது வரி, தண்ணீர் வரி, கழிவுநீர் வரி என்று இறங்கி வந்தால் மாநகராட்சிக் கல்வி செஸ் இருக்கும். செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று சொல்லி வாங்கும் கூடுதல் வரி. மாநிலக் கல்வி செஸ் என்று இன்னொன்றும் இருக்கும்; அதற்கான சட்டம் 1962லேயே வந்துவிட்டது. பள்ளிக்கென்று ஏற்கெனவே இரண்டு. நண்பர் கேட்பது மூன்றாவது.

500 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 2022இல் சொத்து வரியை எடுத்துவிட்டார்களே, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். குடிசைப் பகுதியில் இருக்கும் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் வரி போடப்போவதாக 2025-26 மாநகராட்சி பட்ஜெட்டில் சொன்னார்கள். பில், காலா என்று நாம் சொல்லும் பட்டறை அறையின் சொந்தக்காரர் பேரில் வரும். பணம், உள்ளே தோல் தைக்கிறவரும் முறுக்குப் பிழிகிறவரும் கொடுக்கும் வாடகையிலிருந்து போகும்.

டெல்லியையும் பாருங்கள். தொடக்கக் கல்விக்கென்று 2004இல் 2 சதவீதம் செஸ். வருமான வரியில் மட்டுமல்ல, உற்பத்தி வரியிலும் சுங்க வரியிலும் சேர்த்துத்தான் வாங்கினார்கள். சோப்பு வாங்கிய ஏழையும் கொடுத்தான். 2007இல் உயர்நிலை, உயர்கல்விக்கென்று இன்னொரு 1 சதவீதம். இந்த இரண்டாவது செஸ்ஸில் பத்தாண்டுகளில் வசூலானது 83,000 கோடி ரூபாய்க்கு மேல். அதைத் தனியே போட்டு வைக்க ஒரு நிதியம்கூட ஏற்படுத்தாமல் அரசின் மற்றப் பணத்தோடேயே வைத்திருந்தார்கள் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எழுதினார். 2017 ஆகஸ்டில்தான் அந்த நிதியத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பணம் திருடு போனது என்று நான் சொல்லவில்லை. எந்தப் பள்ளிக்குப் போனது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியவில்லை என்கிறேன். போதாக்குறைக்கு, மற்ற வரிகளைப் போல செஸ்ஸில் மாநிலங்களுக்குப் பங்கும் கிடையாது.

வரி கட்டினால்தான் கேள்வி கேட்கும் உரிமை வரும் என்றார் நண்பர். இத்தனை காலம் கட்டியிருக்கிறோமே, யார் பதில் சொன்னார்கள்?

நான் கண்ணால் பார்த்த ஒரு வகுப்பறையைச் சொல்கிறேன். பள்ளியின் பேர் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், நான்காம் வகுப்பு எதிர்ச் சுவரைப் பார்த்து. நடுவில் ஒரே டீச்சர். இந்தப் பக்கம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி இலக்கணம் எழுதுகிறார். இன்னொரு டீச்சர் ஓய்வு பெற்றுப் போனார்; அந்த இடத்துக்கு ஆள் போடவே இல்லை. பணமில்லாமலா போடவில்லை? 80,000 கோடிக்கு மேல் வங்கியில் வைப்பாக வைத்திருந்த மாநகராட்சி இது. அதில் பெரும்பகுதி திட்டங்களுக்கும் ஓய்வூதியத்துக்கும் ஒதுக்கியது என்பார்கள். இருக்கட்டும். ஒரு டீச்சர் சம்பளத்துக்கு வழியில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. அந்தக் காலியிடம் ஏதோ ஒரு மேசையில் ஃபைலாகக் கிடக்கிறது. புது வரி அந்த ஃபைலை ஒரு அங்குலம்கூட நகர்த்தாது.

நகர்த்த நம் கையிலேயே ஒரு சட்டம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் அறுபது பேருக்குள் இருந்தாலும் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். பள்ளியின் வியவஸ்தாபன் சமிதியில், அதாவது பள்ளி மேலாண்மைக் குழுவில், முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கு வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதே அந்தச் சமிதியின் வேலைகளில் ஒன்று. தாய்மார்களே, அதில் உங்கள் பேரை எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்களா? அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்: இங்கே எத்தனை ஆசிரியர் இடம், எத்தனை காலி, எந்தத் தேதியிலிருந்து காலி? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமை மனு போடுவோம். எழுதிக் கொடுக்க நான் இருக்கிறேன்.

நண்பரும் எங்களோடு வர வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். இரண்டு கல்வி செஸ்ஸிலும் வசூலானது எவ்வளவு, நம் வார்டுப் பள்ளிகளுக்கு வந்தது எவ்வளவு என்ற கணக்கை மாநகராட்சி வெளியிடட்டும். அதன் பிறகும் பற்றாக்குறை இருந்தால், அவர் கேட்கும் வரிக்கு இதே மேடையில் நானும் ஆதரவாகப் பேசுகிறேன்.