தரையைத் தாழ்த்தியவர்கள்

எல்லோருக்கும் வணக்கம். நெதர்லாந்து என்றதும் கடலுக்குக் கீழே இருக்கும் நாடு, அணை கட்டிப் பிழைத்த நாடு என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிக் கதைதான் அது. ரைன், மாஸ் ஆறுகளின் கழிமுகச் சதுப்பு ஆயிரம் வருஷத்துக்கு முன் கடல்மட்டத்துக்கு மேலேதான் இருந்தது. கீழே இறக்கியது பெரும்பாலும் மனிதர்கள்தான்.

இதைச் சொல்வது அந்த மண்ணேதான். துளைக்குழாயை இறக்கி ஒரு நீளத் துண்டை உருவி எடுத்தால், அடியில் களிமண், அதன்மேல் நார்நாராக நாணல், அப்புறம் ஈர நிலத்தில் வளரும் ஆல்டர் என்ற மரத்தின் கட்டை. செம்பழுப்பாக இருக்கும், விரலால் அழுத்தினால் நசுங்கும். பனியுகம் முடிந்து கடல் ஏற ஏற, நிலத்தடி நீரும் ஏறியது. தண்ணீருக்குள் காற்றுப் புகாததால் செத்த செடி முழுசாக மக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மீட்டர் சேர்ந்துவிட்டது. இதைத்தான் பீட் என்கிறார்கள்.

மகரந்தமும் அதற்குள் அப்படியே கிடக்கிறது. ஆல்டர் மகரந்தத்தை நுண்ணோக்கியில் அடையாளம் காண்பது சுலபம்: ஐங்கோணம் மாதிரி இருக்கும், மூலைக்கு ஒரு துளை. அடுக்கு அடுக்காக எண்ணிப் பழைய காட்டைக் கணக்கிடும் முறையை ஸ்வீடனின் லென்னார்ட் வான் போஸ்ட் 1916இல் அறிவித்தார். அதுவும் ஒரு சொற்பொழிவில்தான்! மேல் அடுக்குகளில் மர மகரந்தம் குறைந்து தானிய மகரந்தம் தலைகாட்டினால், சரி, ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம்.

வந்தவர்கள் கி.பி. 1000 வாக்கில் வரிசையாக வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் வடிந்தது, பீட் சுருங்கியது, காற்றுப் பட்டு மக்கியது, தரை இறங்கியது. மறுபடி ஈரம், இன்னும் ஆழமாக வெட்டினார்கள். தரை மறுபடி இறங்கியது. பயிர் விளைந்த இடம் மேய்ச்சல் நிலமானது. 15ஆம் நூற்றாண்டில் நீர் இறைக்கக் காற்றாலைகள் வந்தன. அந்த அழகான காற்றாலைப் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு இந்தத் தாழ்ந்த தரைதான் நினைவுக்கு வருகிறது. போதாக்குறைக்கு, எரிக்கவும் பீட்டை வெட்டினார்கள். குழிகள் ஏரிகளாயின, பிறகு ஏரிகளையும் வற்றவைத்தார்கள். ராட்டர்டாம் அருகே அப்படி உருவான ஒரு நிலம் இன்று கடல்மட்டத்துக்கு 6 மீட்டருக்கும் கீழே இருக்கிறது.

காற்றுப் பட்டால் மகரந்தமும் அழிகிறது, பீட் மக்கிக் கரியமில வாயுவும் வெளியேறுகிறது. அதனால் வாய்க்கால் நீரை உயர்த்தி வைக்கச் சொல்கிறார்கள் ஆய்வாளர்கள். ஈர நிலத்தில் டிராக்டர் புதையுமே, மாட்டின் குளம்பு இறங்குமே என்கிறார்கள் பால்மாட்டுக்காரர்கள். அவர்களுக்குள் பேச்சு இன்னும் முடியவில்லை.