மண்சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம்

(கெடா, பீடோங் வட்டாரத் தோட்டக் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் இளைஞர்களே, வணக்கம்.

நம் முனீஸ்வரர் கோயிலின் பழைய மண்சுவருக்குச் சிமெண்ட் பூசிவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. சொல்பவர்கள் பக்தியோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பூச்சே சுவரைச் சாய்த்துவிடும்.

சுவரின் அடியைக் குனிந்து பாருங்கள். முழங்காலுக்குக் கீழே மண் பொரிந்து கிடக்கிறது. விரல் பட்டால் உதிர்கிறது. அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. தரையின் ஈரம் சுவருக்குள் ஏறுகிறது. அது வெளிப்புறத்தில் காயும்போது, அதிலிருந்த உப்பு மேல்தோலுக்கு அடியில் உறைந்து மண்ணை நெட்டித் தள்ளுகிறது. போதாக்குறைக்குக் கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்து அதே இடத்தைத்தான் அரிக்கிறது. மேலே சுவர் திடமாக நிற்கும். காலடியில் குடைந்துகொண்டே போகும்.

இதன்மேல் சிமெண்ட் பூசினால் ஓதம் வெளியேற வழியில்லை. ஈரத்தில் மண் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். சிமெண்ட் அதற்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய மழைநீர் உள்ளேயே தங்கும். வெளியே பூச்சு பளபளக்க, உள்ளே சுவர் சேறாகிவிடும்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஞ்சோஸ் டி தாவோஸ் என்ற ஊரில் சுடாத பச்சைச் செங்கல்லால் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று உண்டு. 1967-இல் அதற்குச் சிமெண்ட் பூசினார்கள். உள்ளே ஈரம் கோத்துச் சுவர் நலிந்தது. 1979-இல் அந்தப் பூச்சை உரித்துவிட்டு மறுபடி மண்ணுக்கே திரும்பினார்கள். ஊர் மக்கள் இன்றும் கூடி அதை மெழுகி வருகிறார்கள்.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், ஜென்னே நகரத்துப் பெரிய பள்ளிவாசலும் மண்தான். இப்போதுள்ள கட்டடம் 1907-இல் எழுந்தது. உமி கலந்து ஊறவைத்த சேற்றை ஆண்டுதோறும் ஊரே திரண்டு பூசுகிறது. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகள்தாம் அவர்கள் ஏறி நிற்கும் சாரம். மழை தின்பது அந்த மேல்பூச்சை மட்டுமே. மழைக்கென்றே விட்டுக்கொடுத்த பூச்சு அது!

ஆளில்லாத இடங்களுக்கு வேறு வழி வேண்டும். அரிசோனாவின் காசா கிராண்டே மண்மாளிகைக்கு 1932-இல் இரும்புக் கூரை போட்டார்கள். பெருவின் சான் சான் மண்நகரம் 1986-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டிலேயே, கரைந்து அழியும் ஆபத்தால், ஆபத்துப் பட்டியலிலும் சேர்ந்தது. பாலைவனக் கடற்கரையிலேயே அந்த நிலை என்றால், நம் கெடாவின் அடைமழையைக் கேட்க வேண்டுமா?

நமக்குப் பக்கத்திலேயே சுங்கை பத்துவில் பழைய செங்கல் கட்டுமானங்களும் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும் உள்ளன. 2013-இல் அங்கே ஒரு பழங்கோயிலின் எச்சத்தை இயந்திரம் தரைமட்டமாக்கியது. நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. மழையாவது மெதுவாகக் கரைக்கிறது. சரிசெய்ய அவகாசம் தருகிறது.

ஆகவே, நிர்வாகக் குழுவினரே, சிமெண்ட் வாங்கும் பணத்தில் முதலில் கூரை இறவாரத்தை நீட்டுங்கள். சுவரோரம் தேங்கும் தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டுங்கள். பிறகு இந்தத் தோட்டத்து மண்ணிலேயே மணலும் உமியும் வெவ்வேறு அளவில் கலந்து, பின்சுவரில் சிறு சிறு திட்டுகளாகப் பூசிக் காயவிடுங்கள். எது வெடிக்காமல் நிற்கிறதோ, அந்தக் கலவையைக் கொண்டு முன்சுவரைத் தொடங்கலாம்.