கறைபட்ட பெயரையும் பிள்ளைக்குச் சூட்டலாம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு என்பதால் நேரே எதிரணித் தலைவரின் சவாலுக்கு வருகிறேன். "இவர் தன் பேரனுக்கு எட்டப்பன் என்று பெயர் வைத்து, கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் நினைவிடத்துக்கு முன்னால் நின்று வாய்நிறையக் கூப்பிடட்டும் பார்ப்போம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்ட வேண்டிய இடம்தான். 1803 ஒக்டோபர் 31 அன்று அந்த மண்ணில் வெள்ளையரிடம் தோற்ற வன்னித் தலைவனை இருநூறு ஆண்டுகள் கடந்தும் நெஞ்சில் வைத்திருக்கிற சனங்கள் நாம்.

ஆனால் எட்டப்பன் என்பது ஒரு தனி மனிதனின் பெயர் அன்று. எட்டயபுரத்தை ஆண்டவர்கள் வழிவழியாகத் தரித்த பட்டம் அது. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட காலத்தில் வெள்ளையர் பக்கம் நின்ற ஒருவருக்காக, அவருடைய முன்னோரும் பின்னோரும் சேர்ந்து பழி சுமக்கிறார்கள். முத்துசுவாமி தீட்சிதரைக் கடைசிக் காலத்தில் ஆதரித்தது அந்தச் சமஸ்தானம். பதினொரு வயதுச் சுப்பிரமணியனுக்குப் 'பாரதி' என்ற பட்டம் கிடைத்ததும் அதே எட்டயபுரத்தில்தான். இந்த அவையில் பாரதி என்று பெயருள்ளவர்கள் தயவுசெய்து கையை உயர்த்துங்கள். அதோ, நான்கு கைகள். கிளிநொச்சியில் ஓர் ஊருக்கே பாரதிபுரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். எட்டப்பரின் ஊரில் பூத்த பெயரை இடுப்பில் தூக்கிவைத்துக் கொஞ்சுகிறவர்கள், எட்டப்பன் என்ற பெயரை மட்டும் வாசலில் நிறுத்துவது எப்படி?

பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் என்று நம் நாடக மேடைகள் தூற்றும் காக்கை வன்னியனையும் பாருங்கள். 1803க்குப் பல பத்தாண்டுகள் முன்னரே எழுதப்பட்ட யாழ்ப்பாண வைபவமாலை என்ற வரலாற்று நூலில், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனைப் பறங்கியரிடம் காட்டிக்கொடுத்தவனுக்கும் அதே பெயர்தான். துரோகம் நடந்த இடத்துக்கெல்லாம் அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஒட்டிவிட்டோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

தங்கை ஒருவர் ஹிட்லரைச் சொன்னார். அடோல்ஃப் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்க ஜேர்மனியில் இன்றும் தயங்குவது நியாயமே. புண் ஆறாத வீட்டில் எவரும் அவசரப்படக் கூடாது. ஆனாலும் அடிடாஸ் என்ற பெயரில் இருப்பது அடோல்ஃப் டாஸ்லர் என்ற சப்பாத்துக்காரரின் செல்லப்பெயர்தான்.

இனி என் அயல்வீட்டுக் கதையைச் சொல்கிறேன். முல்லைத்தீவுக் கடற்கரையில், மூன்று கரு தங்காமல் போன ஒரு பெண், கைவிடப்பட்ட காரியங்களுக்குப் பாதுகாவலர் என்று புனித யூதா ததேயுவை மன்றாடி, 1990இல் ஓர் ஆண்பிள்ளையைப் பெற்றெடுத்தாள். யூதா என்பதன் ஆங்கில வடிவமான யூட் என்று பெயர் வைப்பதாக நேர்த்தி. பிள்ளையின் அப்பம்மா கொதித்துப்போனார். முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரை விற்றவனின் பெயரா என்று கேட்டார். ஞானஸ்நானத் தொட்டியருகே சுவாமியார் "என்ன பெயர்?" என்று கேட்கிறார். தாய் வாய் திறக்கிறாள், அப்பம்மா ஞானத்தாயின் சேலையைப் பிடித்து இழுக்கிறார். சுவாமியார் மறுபடியும் கேட்கிறார், அப்பம்மா மறுபடியும் இழுக்கிறார். மூன்றாம் முறை கேட்கும்போது கோயிலே மூச்சடக்கி நிற்கிறது. கடைசியில் சுவாமியார்தான் பொறுமையாக விளக்கினார்: இயேசுவின் சீடர் பன்னிருவரில் இரண்டு யூதாக்கள் இருந்தார்கள், காட்டிக்கொடுத்தவன் யூதா இஸ்காரியோத்து, யோவான் நற்செய்தியே ததேயுவைக் குறிப்பிடும்போது, 'இஸ்காரியோத்து அல்ல' என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்துகிறது. பெயர் சூட்டப்பட்டது. அப்பம்மா மட்டும், "உந்தப் பேரை என்ர வாயால சொல்லமாட்டன்" என்றார்.

சொன்னபடியே பதினான்கு ஆண்டுகள் சொல்லவில்லை. சோற்றுக்குக் கூப்பிட்டால் "மோனை", வலை தூக்கக் கூப்பிட்டால் "பெடியா", அடிக்கத் துரத்தினால் "டேய்". காய்ச்சலில் அவன் பிதற்றிய இரவில் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டபடி விடியும்வரை "ராசா" என்றாரே தவிர, அந்த ஓரெழுத்தையும் ஒற்றையும் அவர் நா தொடவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் எழுந்து வந்தபோது நான் வீதியில் ஓடிக்கொண்டிருந்தேன். எல்லோரும் கரையை விட்டு ஓட, ஒரு கிழவி மட்டும் கரையை நோக்கி ஓடினார். "யூட்! யூட்! என்ர யூட்!" அவ்வளவு சனத்தின் அலறலுக்குள்ளும் அந்தக் குரல் தனியாகக் கேட்டது. அவன் எங்கிருந்தோ வந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் முதுகில் கிடந்தபடி, இனி எவரும் தட்டிப் பறித்துவிடக் கூடாது என்பதுபோல, அவர் அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அவனை வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நடுவர் அவர்களே, வாதத்தை நான் இதோடு விட்டுவிடுகிறேன்.

2009இல் யூட்டுக்குப் பத்தொன்பது வயது. அந்த ஆண்டு வைகாசியில் போர் முடிந்த பிறகு அவன் எங்கே என்று எவரும் சொல்லவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரம் அமர்ந்தபோது, அவன் தாயும் போய் அமர்ந்தாள். மடியில் அவனுடைய படம், படத்தின் கீழே பெயர். அப்பம்மா இறந்துபோனார், கடைசி நாள்களில் வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் "யூட் வந்திட்டானோ" என்று கேட்டார். வெயிலிலும் மழையிலும் படத்தின் கீழுள்ள எழுத்து வெளிறிப்போகிறது. ஒவ்வொரு முறையும் அந்தத் தாய் கறுப்புப் பேனையை எடுத்து, அதன் மேலேயே மறுபடியும் எழுதுகிறாள்.