மூன்று தலைமுறை வாழும் வீட்டில் யாருக்கு எவ்வளவு?

(நூலக வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

முப்பத்தைந்து வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கை தானாகவே எழுதிவிடும் வரி ஒன்று உண்டு: 'மேற்படி சொத்தில் இனி எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.' விடுதலைப் பத்திரத்தில் வருவது. அப்பாவுக்குக் கருமாதி முடிந்த கையோடு, அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளை அழைத்துவந்து கையெழுத்து வாங்கும் பத்திரம் அது.

ஒரு நாள் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்திருந்தாள். இரவு பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பத்திரத்தை வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "ஐயா, இதுல கையெழுத்துப் போட்டப்புறம் பொங்கலுக்கு நான் இந்த வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அதெல்லாம் வரலாம்மா" என்று நான்தான் சொன்னேன். அப்படிச் சொல்ல நான் யார் என்று இன்றுவரை மனசு கேட்கிறது. அவளுக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கடனைத்தான் இங்கே அடைக்கப் பார்க்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். நான் சொல்வது இந்து வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. ஒருவர் தன் சம்பாத்தியத்தில் வீடு கட்டி, உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், அவரைப் பெற்ற தாய் ஆகியோர் இருக்கிறார்கள். எத்தனை பங்கு? 'ஆம்பளப் பிள்ளை ரெண்டு, ரெண்டு பங்கு' என்பார்கள் ஊரில். சட்டப்படி ஐந்து. ஆளுக்கு ஐந்தில் ஒன்று. மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் அதேதான். திண்ணை ஓரத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் அந்தப் பாட்டிக்கும் ஐந்தில் ஒன்று. இதை எந்த வீட்டிலும் யாரும் பாட்டியிடம் சொல்லி நான் பார்த்ததில்லை.

பூர்வீக வீட்டுக்கு வேறு கணக்கு. அதில் முன்பெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் பிறப்பாலேயே உரிமை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 60 வருஷம் ஆனது. அதுவும் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்று ஒரே வீட்டில் இரண்டு நியாயம். 2005 செப்டம்பர் 9இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு அந்தக் கோடும் அழிந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்கில், தேவையில்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது.

2005க்கு முன் இன்னொரு பிரிவும் இருந்தது. குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண்பிள்ளைகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும்வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது. அதையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் அந்தப் பிரிவு இன்னும் அமலில்தான் இருக்கிறது.

கூட்டு வீடு என்றால் முன்னறை எனக்கு, பின்கட்டு உனக்கு என்று ஆகிவிடாது. பிரிக்காதவரை ஒவ்வொரு செங்கல்லிலும் எல்லோருக்கும் பங்கு. கோபத்தில் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிடுகிறார் என்று வையுங்கள். வாங்கியவர் பெட்டி படுக்கையோடு உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்கச் சட்டம் இடம் தராது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை மதிப்புப் போட்டுக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் வழி இருக்கிறது. இது தெரியாமல் பயந்துபோய் அடிமாட்டு விலைக்கு மொத்த வீட்டையும் கொடுத்தவர்கள் உண்டு.

பிரித்த வீடு ஒன்றைச் சொல்கிறேன். நாலுகட்டு ஓட்டு வீடு. முற்றத்தின் நடுவே ஹாலோ பிளாக் சுவர் எழுப்பியிருந்தார்கள். கிணறு பெரியவர் பக்கம், துளசி மாடம் சின்னவர் பக்கம். நான் சக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை விவரம், எழுத அளவு பார்க்கப் போனபோது, சின்ன மருமகள் தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்துவந்து துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்று ராட்டினம் சத்தம் கேட்டது. அம்மா எந்தப் பக்கம் என்று கேட்டேன். மாசத்துக்கு ஒரு பக்கம் என்றார்கள்.

அதிகமான வழக்குகள் மாடியில் பிறக்கின்றன. அப்பா பெயரில் இருக்கும் வீட்டின்மேல் ஒரு மகன் கடனை வாங்கி மாடி கட்டுவார். வீட்டு வரி அவர் பெயரில், கரண்ட் கனெக்ஷன் அவர் பெயரில். அப்பாவுக்குப் பிறகு, 'மாடி என்னுடையது' என்பார். வரி ரசீதும் கரண்ட் பில்லும் உரிமைப் பத்திரம் ஆகா. பட்டா மட்டும் இருந்தாலும் போதாது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஊரோடு தங்கி, பெற்றவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் பெரும்பாலும் அவர்தான். அதனால் சொல்கிறேன், மாடிக்குக் கம்பி இறக்குவதற்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து, அந்தப் பிள்ளைக்கு என்ன பங்கு என்று எழுதிப் பதிந்துவிடுங்கள். மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்து எழுதுங்கள்.

பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டில்மென்ட் வேறு, உயில் வேறு. செட்டில்மென்ட் எழுதிப் பதிந்தால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடும். நினைத்தால் திரும்ப வாங்க முடியாது. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான், இருக்கிறவரை மாற்றலாம். வெள்ளைத்தாளில் எழுதி நீங்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டாலே செல்லும். ஆனாலும் பதிவு செய்வது நல்லது. செட்டில்மென்ட்தான் என்றால், 'என் ஆயுள்வரை இந்த வீட்டில் நானே குடியிருந்து அனுபவிப்பேன், என்னைப் பராமரிக்க வேண்டும்' என்று அந்தப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிப்பு நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு கைகொடுக்கும். பிள்ளை மேல் நம்பிக்கை இல்லையா என்று கூச்சப்படாதீர்கள். கூச்சப்பட்டு அந்த ஒரு வரியை விட்ட ஒரு தாயை, பிறகு என் மேசைக்கு முன்னால் அழுதபடி பார்த்திருக்கிறேன்.

மகள் விட்டுக்கொடுக்கலாம். மனசார விட்டுக்கொடுக்கும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் எவ்வளவை விட்டுக்கொடுக்கிறாள் என்று தெரிந்து கொடுக்கட்டும். திருப்பூர்ப் பெண்ணுக்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு விடுதலைப் பத்திரத்திலும், கையெழுத்துக்கு முன்னால் பங்கையும் அன்றைய மதிப்பையும் வாய்விட்டுச் சொன்னேன். சிலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அண்ணன்மார் என்மேல் கோபப்பட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் அண்ணன், "நீயும் இருந்துக்கம்மா" என்று சொல்லி, தங்கை பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவுக்கு மனு எழுதச் சொன்னார்.

பழைய பத்திரம், வில்லங்கச் சான்று கொண்டுவந்திருப்பவர்கள் இங்கே மேசைக்கு எடுத்து வாருங்கள். நூலகம் மூடும்வரை இருக்கிறேன்.