காது கேட்காத டெய்லரை வேலைக்கு எடுக்கலாமா?

அடுத்த கேள்வி திருப்பூரிலிருந்து ஓர் அண்ணன் அனுப்பியது. "35 பேர் வேலை செய்கிற பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். காது கேட்காத ஒரு பையன் டெய்லர் வேலை கேட்டு வந்தான். எடுக்க எனக்கு ஆசைதான். மிஷின் பக்கத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? வேலை சரியில்லை என்றால் நிறுத்த முடியுமா?" என்று கேட்கிறார்.

மனதில் இருப்பதை மறைக்காமல் கேட்டதற்கு நன்றி அண்ணா. நிறையப் பேர் இந்தப் பயத்தை வெளியே சொல்லாமல், "ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

முதலில் பாதுகாப்பு. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் விரலைக் காப்பது கண்ணும் கையும்தான். காது அவசியமாகிற இடம் தீ எச்சரிக்கை மணி. மணி அடிக்கும்போது சேர்ந்து மின்னுகிற விளக்கு ஒன்றை அந்தத் தம்பியின் கண்ணில் படுகிற மாதிரி மாட்டுங்கள். அவசரம் என்றால் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போகும்படி பக்கத்து மிஷின்காரரிடம் சொல்லி வையுங்கள். பண்டல் தள்ளிக்கொண்டு பின்னால் வருகிறவர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

உண்மையில் சிக்கல் வருவது வேறு இடத்தில். நான் முன்பு ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். செக்கிங்கில் காது கேட்காத ஓர் அக்கா. ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒரு சனிக்கிழமை, "திங்கட்கிழமை கரண்ட் இருக்காது, லீவு" என்று மைக்கில் அறிவித்தார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான். இன்றைக்கும் அது உறுத்துகிறது. அதற்கப்புறம் ஷிப்ட், லீவு எதுவானாலும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் மைக்கைத் தொடுவேன்.

இன்னொன்று. காது கேட்காதவர்களில் பலருக்குச் சைகைதான் முதல் மொழி. பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தால் புரியாமல் போகலாம். தைத்து முடித்த சாம்பிள் பீஸைக் கையில் கொடுத்து, ஒருமுறை தைத்தும் காட்டினால் போதும். என்ன வசதி வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். நாமாக ஊகித்துச் செய்வதில் பாதி வீணாகத்தான் போகும்.

சட்டத்துக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. தனியாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் மொத்த ஆட்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி, முதலாளிகளுக்கு அரசு சலுகை தர வேண்டும் என்கிறது. உங்கள் 35 பேருக்குக் கணக்குப் போட்டால் இரண்டு பேர். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்பதால், சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை விவரமாக எழுதி வைக்கும் கடமையும் உங்களுக்கு உண்டு. வைப்பு நிதியிலும் ஈ.எஸ்.ஐ.யிலும் முதலாளி பங்கைச் சில ஆண்டுகளுக்கு அரசே கட்டும் திட்டம் 2008இல் தொடங்கியது. இப்போது எவ்வளவு கிடைக்கும் என்று உங்கள் பக்கத்து ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

நிறுத்த முடியுமா என்றால், மற்ற டெய்லர்களுக்கு என்ன விதியோ அதுதான் இவருக்கும். காது கேட்கவில்லை என்பதை மட்டும் காரணமாக்கக் கூடாது. புதிதாக வருகிற எல்லோருக்கும் கைவேகம் பிடிக்கக் கொடுக்கிற நாட்களை இவருக்கும் கொடுங்கள். பீஸ் ரேட்டும் அதே ரேட்தான். பாவம் பார்த்து எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு ரேட்டைக் குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உழைப்பைத் திருடுவது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி கேட்டு இன்டர்வியூ வைக்க வேண்டாம் அண்ணா. தம்பியைக் கூப்பிட்டு மிஷினில் உட்கார வையுங்கள், பத்து பீஸ் தைக்கட்டும். என்றைக்கு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் மெசேஜில் அனுப்பிவிடுங்கள்.