சீட்டுக்கடியில ஆம்ப் சூடாகுது: காத்தை உள்ள தள்ளணுமா, வெளிய இழுக்கணுமா?

வணக்கங்க. இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் ரெண்டு நாளா நினைச்சு நினைச்சு சிரிச்சுக்கிட்டிருக்கேனுங்க. ஆம்ப்னா ஆம்ப்ளிஃபயருங்க, கார் ஸ்டீரியோவுல இருந்து வர்ற பாட்டைப் பெருசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பற பெட்டி. கிளாஸ் ஏபிங்கறது அதுல ஒரு வகை, கொஞ்சம் அதிகமாவே சூடாகும். ப்ரொடெக்ட் லைட் எரிஞ்சா ஆம்ப் தன்னைக் காப்பாத்திக்கத் தானா நின்னுடுச்சுன்னு அர்த்தம். மொதல்ல கேள்வியைப் படிச்சுடறேன்.

"அண்ணா, பழைய வேகன் ஆர் வச்சிருக்கேன். முன்னாடி பக்கத்து சீட்டுக்கு அடியில ட்ரே இருந்த எடத்துல நாலு சேனல் ஆம்ப் வச்சிருக்கேன். கிளாஸ் ஏபி, சேனலுக்கு 50 வாட். பகல்ல அரை மணி நேரம் ஓட்டினா ப்ரொடெக்ட் லைட் எரிஞ்சு பாட்டு நின்னுடுது. பத்து நிமிஷம் விட்டா தானா வந்துடுது. ராத்திரியில இந்தத் தொல்லை இல்ல. ரெண்டு கம்ப்யூட்டர் ஃபேன் வாங்கி வச்சிருக்கேன். காத்தை உள்ள தள்ளணுமா, வெளிய இழுக்கணுமா? அப்புறம், எங்கம்மா சீட்டு சுடுதுன்னு சொல்லிட்டு இப்பல்லாம் பின்னாடிதான் உக்கார்றாங்க."

அந்தக் கடைசி வரியை அவர் போற போக்குல எழுதியிருக்காருங்க. எனக்கு இந்தக் கேள்வியிலயே முக்கியமான வரி அதுதான். நாம ஆயிரம் ரூபா கொடுத்து டெம்பரேச்சர் மீட்டர் வாங்கறோம். இவரு வீட்டுலயே ஒண்ணு இருக்குது, பேசவும் செய்யுது.

தம்பி, ஃபேன் விஷயத்துக்குக் கண்டிப்பா வரேன். அதுக்கு முன்னாடி என் பழைய பாட்டு ஒண்ணு இருக்குதுங்க. ரொம்ப நாளா பாக்கறவங்க "அய்யோ, மறுபடி கோழிக்கதையா"ன்னு சொல்லுவீங்க. ஆமாங்க, கோழிக்கதைதான். புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன்.

எங்க பெரியப்பா பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வச்சிருந்தாரு. குஞ்சு எறக்குன மொத வாரம் அதுக்குக் கதகதப்பு வேணும். தகரத்தை வட்டமா நிறுத்தி, மேல 100 வாட் குண்டு பல்பு ரெண்டு மூணு தொங்கவிடுவாங்க. மார்கழிக் குளிர்லயும் அந்த வட்டத்துக்குள்ள கையை நீட்டினா அனலடிக்கும். சரி, இப்ப உங்க ஆம்புக்கு வாங்க. உங்களை மாதிரியே சேனலுக்கு 50 வாட் ஏபி ஆம்ப் ஒண்ணு என் கடைக்கு வந்தப்ப, பாட்டு நல்லா சத்தமா ஓடறப்ப பவர் ஒயர்ல கிளாம்ப் மீட்டர், அதாவது ஒயரை வெட்டாமலே கரண்ட்டை அளக்கற மீட்டர், மாட்டிப் பாத்தேன். சுமாரா 12 ஆம்பியர். வோல்டேஜ் 13.8. பெருக்கினா 165 வாட் உள்ள போகுது. அந்த நேரத்துல நாலு ஸ்பீக்கருக்கும் சேத்துப் போறது ஒரு 60 வாட் இருக்கும். மீதி 100 வாட் எங்க போச்சு? அந்த அலுமினிய உடம்புல சூடா ஒக்காந்திருக்குது. அதாவதுங்க, உங்கம்மா சீட்டுக்கு அடியில ஒரு 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, சுத்தி அடைச்சு வச்சிருக்கீங்க. குஞ்சு பொரிக்காததுதான் பாக்கி.

அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன். சூட்டை எப்படி வெளியேத்தறதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, இவ்வளவு சூடு எதுக்கு உண்டாகுதுன்னு கேளுங்க. பல்பை 40 வாட்டா மாத்திட்டா ஃபேனுக்குப் பாதி வேலை கொறஞ்சிடும்.

இன்னொரு விஷயம், நெறைய பேருக்கு இது ஆச்சரியமா இருக்கும். ஏபி ஆம்ப் முழு சத்தத்துலதான் ரொம்பச் சூடாகும்னு நினைக்கறோம். கணக்குப்படி அது அதிகமா சூட்டைக் கக்கறது முழு சக்தியில கிட்டத்தட்ட 40 சதவீதத்துல ஓடறப்பதாங்க. அமெரிக்காவுல 1974ல ஃபெடரல் டிரேட் கமிஷன் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு விதி போட்டாங்க. எத்தனை வாட்டுன்னு விளம்பரம் பண்ணணும்னா, அளக்கறதுக்கு முன்னாடி அதுல மூணுல ஒரு பங்கு சக்தியில ஒரு மணி நேரம் ஓட்டணும். மூணுல ஒண்ணுன்னா நான் சொன்ன அந்த 40 சதவீதத்துக்குப் பக்கத்துலயே வந்துடுது பாருங்க. ஆம்ப் பொரிஞ்சுபோற எடம். அப்புறம் 2000த்துல அதை எட்டுல ஒரு பங்குன்னு கொறச்சாங்க. கார் ஆம்புக்கும் அந்த விதிக்கும் சம்பந்தம் இல்லீங்க, சும்மா சொன்னேன். ஆனா "நான் சத்தமே வைக்கலையே, எதுக்கு சூடாகுது"ன்னு கேக்கறவங்களுக்கு இதுல பதில் இருக்குது.

சரி, தம்பி கேக்காத கேள்வி ஒண்ணு இருக்குது. கேட்டிருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பேன். "ஆம்புல எச்பிஎஃப்னு ஒரு சுவிட்ச் இருக்குதே, அது எதுக்கு?"

எச்பிஎஃப்னா ஹை பாஸ் ஃபில்டர், நாம வச்ச அளவுக்குக் கீழ இருக்கற பேஸை ஸ்பீக்கருக்குப் போகாம வெட்டிடும். அந்த சுவிட்சை நூத்துல தொண்ணூறு பேர் தொடறதே இல்லீங்க. கதவுல இருக்கற ஆறு இஞ்ச் ஸ்பீக்கரால 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கற பேஸை ஒழுங்கா அடிக்க முடியாது. ஆனா நீங்க அனுப்பறீங்க. நம்மூர் குத்துப்பாட்டுல சக்தியில பெரும்பங்கு அந்தக் கீழ்ப்பக்கம்தான் இருக்குது. ஸ்பீக்கர் கோன் சும்மா படபடன்னு அடிச்சுக்குது, ஆம்ப் அதுக்குக் கரண்ட்டைக் கொட்டுது, சத்தமா ஒண்ணும் காதுக்கு வரல. நான் சொன்ன அதே ஆம்புல எச்பிஎஃப்பை 80ல வச்சு, கெயினைச் சரி பண்ணிட்டு, அதே பாட்டை அதே சத்தத்துக்கு வச்சேன். மீட்டர்ல 12 இருந்தது 7க்கு வந்துடுச்சு. ஃபேனும் மாட்டல, ஒண்ணும் மாட்டல. காசு செலவு சுழியம்.

கெயினைப் பத்தி முன்னாடியே ஒரு முழு வீடியோ பேசியாச்சு, அதனால சுருக்கமா. கெயின்ங்கறது ஸ்டீரியோவுல இருந்து வர்ற சிக்னலுக்கு ஏத்த மாதிரி ஆம்பைப் பொருத்தற திருகு, வால்யூம் திருகு கெடையாது. ஆம்ப் 50 வாட்டு, ஸ்பீக்கரோட தடை 4 ஓம்னு வைங்க. ஐம்பதை நாலால பெருக்கினா 200, அதுக்கு வர்க்கமூலம் 14.1, அதுதான் ஆம்ப் வெளிய விட வேண்டிய வோல்ட். ஸ்பீக்கரைக் கழட்டிட்டு, டோன் கன்ட்ரோல் எல்லாத்தையும் நடுவுல வச்சு, 1000 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனைப் போட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூம்ல வச்சு, ஆம்ப் வெளிய விடற எடத்துல ஏசி வோல்ட்டுல மல்டிமீட்டரை வைங்க. 14 வர்ற வரைக்கும் கெயினைத் திருப்புங்க. அங்கயே நிறுத்திடுங்க. அதுக்கு மேல திருப்பினா பாட்டோட தலை வெட்டுப்பட்டு, சராசரி சக்தி ஏறி, ஆம்பும் சூடாகும், கீச்சுச் சத்தத்துக்குன்னு இருக்கற சின்ன ஸ்பீக்கர் ட்வீட்டரும் போயிடும்.

ஓம்முன்னு சொன்னதும் ஞாபகம் வருது. கடைக்கு ஒருத்தர் வந்தாரு. இதே மாதிரி நாலு சேனல் ஆம்ப்தான், பின் ரெண்டு சேனலை பிரிட்ஜ் பண்ணி, அதாவது ரெண்டையும் ஒண்ணாச் சேத்து, ஒரு சப், அதான் பேஸுக்குன்னே இருக்கற பெரிய ஸ்பீக்கர், மாட்டியிருந்தாரு. "ஆம்ப் மட்டம்ங்க, பத்து நிமிஷம்கூடத் தாங்கல"ன்னாரு. சப் ஒயர்ல மீட்டரை வச்சேன், 1.8 ஓம் காட்டுது. டபுள் வாய்ஸ் காயில், அதாவது ஒரே ஸ்பீக்கருக்குள்ள ரெண்டு சுருள், ஒவ்வொண்ணும் 4 ஓம், ரெண்டையும் பேரலல்ல பக்கத்துப் பக்கத்துல இணைச்சிருக்காரு. 2 ஓம் ஆயிடுச்சு. பிரிட்ஜ்ல 2 ஓம் குடுத்தா உள்ள ஒவ்வொரு சேனலும் 1 ஓமைப் பாக்குதுங்க. ஓம் கொறயக் கொறயக் கரண்ட் ஏறும், சூடும் ஏறும். அந்த ஆம்ப் மேலயே "பிரிட்ஜ் குறைந்தது 4 ஓம்"னு அச்சடிச்சிருக்கு. அது பத்து நிமிஷம் தாங்கினதே பெருசு. தம்பி, நீங்க சப் வச்சிருக்கறதா எழுதல. இருந்தா இதைப் பாத்துடுங்க.

இன்னொண்ணு, பவர் ஒயர். தாமிரமா, தாமிரம் பூசின அலுமினியமான்னு முனையை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா வந்தா அலுமினியம். அதே தடிமனுக்கு ஒன்றரை மடங்கு தடை. அப்புறம் ஆம்ப் டெர்மினல் ஸ்க்ரூ. லூஸா இருந்து அங்க வெறும் 0.02 ஓம் தடை வந்தாக்கூட, 25 ஆம்பியர் போறப்ப அந்த ஒரு ஸ்க்ரூவுலயே 12 வாட் சூடு. பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தா அதுதான் காரணம். கிரவுண்டைப் பத்தி, அதாவது கார் பாடியில சேர்ற நெகட்டிவ் ஒயரைப் பத்தி, மறுபடி ஆரம்பிச்சேன்னா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்க, விட்டுடறேன்.

இப்ப ஃபேன்.

நேரடி பதில்: உள்ள தள்ளுங்க. ஆனா போறதுக்கு வழி விட்டுட்டுத் தள்ளுங்க. அந்தக் காலத்து வீட்டுல வாசக்கதவுக்கு நேரா கொல்லக்கதவு வச்சாங்க இல்லீங்களா, அந்தக் கணக்குதான். அடைச்ச எடத்துல ஃபேன் போட்டா, அதே சூட்டுக் காத்தைத்தான் சுத்திச் சுத்தி அடிச்சுக்கிட்டிருக்கும்.

ஆம்ப் மேல இருக்கற வரிவரியான ஃபின் இருக்குது பாருங்க, அது முன்னும் பின்னுமா ஓடற மாதிரி ஆம்பைத் திருப்பி வைங்க. முன்பக்கம், அதாவது கால் வைக்கிற பக்கம், ஃபேன். காத்து ஃபின்னோட நீளவாக்குல ஓடிப் பின்னாடி போகணும். குறுக்க அடிச்சா மொத வரியில முட்டிக்கிட்டு நின்னுடும். முன்பக்கம்னு சொல்றதுக்குக் காரணம் இருக்குது: ஏசியைக் கால் பக்கம் திருப்பினீங்கன்னா குளுந்த காத்து அங்கதான் வந்து விழும். ஃபேன் அதை இழுத்து ஆம்புக்கு ஊட்டிடும். உங்களுக்கு ராத்திரியில தொல்லை இல்ல, பகல்ல மட்டும் இருக்குதுன்னா, காருக்குள்ள இருக்கற காத்தே சூடுன்னு அர்த்தம். அரிசோனாவுல 2018ல ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாங்க, வெயில்ல ஒரு மணி நேரம் நிறுத்தின காருக்குள்ள சராசரி 47 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி. நம்ம சித்திரை வெயிலு என்ன லேசுப்பட்டதா? வண்டி எடுத்த உடனே ரெண்டு ஜன்னலையும் எறக்கி, ரெண்டு நிமிஷம் ஓட்டிட்டு, அப்புறம் பாட்டைப் போடுங்க. 47 டிகிரிக் காத்தை எத்தனை ஃபேன் போட்டு அடிச்சாலும் ஆம்ப் அதுக்குக் கீழ எறங்காது.

ஆம்பைக் கார்ப்பெட் மேல படுக்க வச்சிருந்தா எடுத்துடுங்க. கார்ப்பெட்டுங்கறது கம்பளி. அரை இஞ்ச் பிளைவுட், அது மேல நாலு மூலையிலயும் புஷ், அதாவது ஸ்க்ரூவுக்கு நடுவுல போடற குட்டிக் குழாய், போட்டு ஒரு விரக்கடை தூக்கி மாட்டுங்க. மழைக்காலத்துல ஈர மிதியடித் தண்ணி ஓடி வந்தாலும் தப்பிச்சுக்கும். மேல ரெண்டு விரல் எடைவெளி வேணும். இங்கதான் எல்லாரும் கோட்டை விடறது: காலி சீட்டுல அளக்கறாங்க. ஆள் உக்காந்தா சீட்டு கீழ எறங்கும் இல்லீங்களா? அம்மாவை உக்கார வச்சு, நீங்க பின் சீட்டுப் பக்கம் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. சீட்டோட அடித்துணி ஃபின்னுல ஒட்டிக்கிட்டிருந்தா, அம்மா பின்னாடி போனதுக்குக் காரணம் அதுதான். அதுக்காக சீட்டோட அடியில தலைகீழா மட்டும் ஆம்பைத் தொங்கவிட்டுடாதீங்க. சூடு மேல ஏறி போர்டுக்கே போயிடும். உள்ள இருக்கற கெப்பாசிட்டர் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதி ஆயுசை எழந்துக்கிட்டே வரும்.

நீங்க வாங்கினது 80 எம்எம் ஃபேனா இருந்தா நிமித்தி வைக்க எட்டு சென்டிமீட்டர் ஒசரம் வேணும். இல்லேன்னா 60 எம்எம் மாத்திக்கோங்க. 40 எம்எம் வேண்டாம், கொசு மாதிரி கத்தும். வோல்டேஜைக் கொறைக்கற ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர் போர்டு போட்டு 9 வோல்ட்டுல ஓட்டினா சத்தமே தெரியாது. ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்பையும் ஆன் பண்ணச் சொல்ற ரிமோட் ஒயர் இருக்குது பாருங்க, ஃபேனை நேரா அதுல கட்டாதீங்க, அது சின்னக் கரண்ட்டுக்குத்தான். சின்னக் கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன் பண்ற சுவிட்சான ரிலே போடுங்க. அதோட பின்னுல எண் போட்டிருக்கும்: 86ல ரிமோட், 85ல கிரவுண்ட், 30க்கு பேட்டரியில இருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியா, 87ல ஃபேன். இன்னும் ஆசை இருந்தா கேஎஸ்டி 301ன்னு ஒரு தெர்மல் சுவிட்ச் கிடைக்கும். 50 டிகிரிக்கு ஆன் ஆகற மாதிரி கேட்டு வாங்கி ஆம்ப் உடம்புலயே ஒட்டிடுங்க, தேவைப்பட்டப்ப மட்டும் ஃபேன் ஓடும். மாசம் ஒரு தடவை பெயிண்ட் பிரஷ்ஷால தூசி தட்டுங்க. தரையோரம் ஓடற ஃபேன் ரோட்டுத் தூசி பூராத்தையும் ஃபின்னுல அப்பி வச்சுடும்.

இவ்வளவும் பண்ணியும் ஆகலேன்னா, ஏபியை வித்துட்டு, சூட்டைக் கம்மியா விடற இன்னொரு வகையான கிளாஸ் டியில ஒரு நாலு சேனல் ஆம்ப் வாங்கிடுங்க. அதே 60 வாட் குடுக்க அது வீணாக்கறது 20, 25 வாட்டுக்குள்ளதான். ஏபி சத்தம்தான் சத்தம்னு ஒரு கோஷ்டி கமெண்ட்ல வருவாங்க. ஓடற வண்டியில, அந்த டயர் எரைச்சல்ல, எனக்கு வித்தியாசம் தெரியலீங்க.

தம்பி, வரிசை மட்டும் மாத்தாதீங்க. இந்த ஞாயித்துக்கிழமை எச்பிஎஃப், கெயின், ஸ்க்ரூ, கார்ப்பெட். ஃபேனைப் பெட்டியிலயே வைங்க. ஒரு வாரம் பகல்ல ஓட்டுங்க. நிறுத்தின உடனே ஆம்ப் மேல கையை வச்சு மூணு எண்ணுங்க, கையை எடுக்காம எண்ண முடிஞ்சா பயப்பட வேண்டாம். எண்ண முடியலேன்னா ஃபேனை மாட்டுங்க. அப்புறம் அம்மாவை முன்னாடி உக்காரச் சொல்லி, அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த கேள்விக்குப் போலாங்களா? யாரோ டிக்கியில ஆம்ப் மேலயே ஸ்டெப்னியை வச்சிருக்காங்களாம்...