ஒரே நேரத்தில் இரண்டு பாட்டு: நீனா சிமோனின் பியானோ

அவையோருக்கு வணக்கம்.

இப்போது நாம் கேட்ட பதிவு மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நடுவில் குரல் ஒதுங்கி, பியானோ மட்டும் ஓட ஆரம்பித்ததே, அந்த இடத்தில் பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் "பாக்" என்றார். மேடை வரை கேட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்கைத்தான் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு நிமிட வாசிப்பு பாக் எழுதிய எந்தப் படைப்பிலும் கிடையாது. 1957ஆம் ஆண்டின் கடைசியில் நியூயார்க் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் 24 வயதுப் பெண் ஒருத்தி தன் மனோதர்மத்தில் வாசித்தது அது. பெயர் நீனா சிமோன். டபுள் பாஸ் வாசித்தவர் ஜிம்மி பாண்ட், டிரம்ஸ் ஆல்பர்ட் ஹீத். மூன்றே பேர்.

பாட்டு 'லவ் மீ ஆர் லீவ் மீ'. என்னைக் காதலி, இல்லையென்றால் விட்டுவிடு என்று கறாராகப் பேசும் பாட்டு. 1928இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறிய 'ஊப்பி!' என்ற இசை நாடகத்துக்காக வால்டர் டொனால்ட்சன் மெட்டுப் போட்டு, கஸ் கான் எழுதியது. மேடையில் பாடியவர் ரூத் எட்டிங். நாடகம் போய்விட்டது, பாட்டு தங்கிவிட்டது. இப்படித் தங்கிவிட்ட பாட்டுகளைத்தான் ஜாஸ்காரர்கள் ஸ்டாண்டர்டு என்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம், எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், ஆனால் அதன் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், வரும் வரிசை எல்லோருக்கும் பொது. இந்தப் பாட்டில் முப்பத்திரண்டு பார், அதாவது தாள அளவு. எட்டு எட்டாக நான்கு பகுதி.

இதற்குள் பாக் எப்படி நுழைந்தார்? மெட்டைக் கொஞ்சம் கவனித்தால் வழி தெரியும். தொடக்கத்தில் கார்டுகள் இரண்டே இரண்டு: மைனர் ஸ்கேலின் ஆதார கார்டு, அதன் ஐந்தாவது ஸ்வரத்தின் மேல் நிற்கும் கார்டு. இதுவும் அதுவும் மாறிமாறி வரும். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசைக்கு இது அன்றாடப் புழக்கம். பிராட்வே பாட்டு எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கதவு திறந்தே இருந்தது. சிமோன் அதைப் பார்த்தார்.

அவர் செய்ததைப் புரிந்துகொள்ள கைகளைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக ஜாஸ் பியானோவில் வலது கை மெட்டை வாசிக்கும், இடது கை கார்டுகளை வைக்கும். ஒன்று பேச, மற்றது ஆமோதிக்கும். பாக் 1723இல் மாணவர்களுக்காகச் செப்பமாக எழுதி முடித்த இன்வென்ஷன் என்ற பதினைந்து சிறு படைப்புகளில் இந்த ஏற்பாடு இல்லை. இடது கையும் மெட்டுதான் வாசிக்கும். வலது கை ஒரு வாக்கியம் சொன்னால், கொஞ்சம் தள்ளி இடது கை அதே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வேறு திசையில் போகும். இரண்டு குரல், இரண்டும் சமம். இதைத்தான் கவுண்டர்பாயிண்ட் என்கிறோம். நம்முடைய ராகமாலிகையில் ஒன்று முடிந்து அடுத்தது வரும். இங்கே ஒன்றும் முடிவதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கும். சிமோன் தன் முறை வந்ததும் இடது கைக்கு மெட்டைக் கொடுத்துவிட்டார். அதே சமயம் பாஸும் டிரம்ஸும் ஸ்விங்கை, ஜாஸின் அந்தத் துள்ளல் நடையை, விடவேயில்லை. அவர்கள் இருவரும் நைட் கிளப்பில் இருக்கிறார்கள். பியானோ பாடம் நடக்கும் அறையில் இருக்கிறது. இரண்டும் ஒரே தாளத்தில் பொருந்தி ஓடுகின்றன. பிறகு அந்த மெல்லிய இரண்டு கோடுகளும் தடித்து, கனமான கார்டுகளாக ஏறி, குரல் திரும்பி வருகிறது. 1966இல் வெளியான ஆல்பம் ஒன்றுக்காக இதே பாட்டை மறுபடியும் பதிவு செய்தார். அப்போதும் பாக்கை விடவில்லை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு இசைக்குத் திரும்புகிறேன். இயற்பெயர் யூனிஸ் கேத்லீன் வேமன். 1933 பிப்ரவரி 21இல் வட கரோலினாவின் ட்ரையன் என்ற சிற்றூரில் எட்டுக் குழந்தைகளில் ஆறாவதாகப் பிறந்தவர். தாய் மெதடிஸ்ட் சபையின் போதகர். மூன்று நான்கு வயதிலேயே சர்ச்சில் பியானோ. அந்த ஊரில் குடியேறியிருந்த மியூரியல் மாஸனோவிச் என்ற ஆங்கிலேய ஆசிரியையிடம் பாடம் கிடைத்தது. அந்த அம்மையார்தான் பாக்கை அறிமுகம் செய்தவர். பிறகு ஊரில் நிதி திரட்டி அந்தச் சிறுமியைப் படிக்க வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் நடந்த ஒரு கச்சேரியில், வெள்ளையர்களுக்கு இடம் விடுவதற்காகத் தன் பெற்றோரை முன்வரிசையிலிருந்து எழுப்பியதைப் பார்த்துவிட்டு, அவர்களைத் திரும்ப உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்று நின்றிருக்கிறாள் அந்தப் பெண்.

அவருடைய கனவு ஒன்றே ஒன்றுதான். அமெரிக்காவின் முதல் கறுப்பினச் செவ்வியல் பியானோ கலைஞராகப் பெயர் வாங்க வேண்டும். 1950 கோடையில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் கார்ல் ஃப்ரீட்பெர்கிடம் பயிற்சி. 1951இல் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கழகத்தின் நுழைவுத் தேர்வில் வாசித்துக் காட்டினார். இடம் கிடைக்கவில்லை. நிறத்தால் தள்ளப்பட்டேன் என்று கடைசிவரை நம்பினார். இந்த இடத்தில் ஒரு தகவலையும் சொல்லத்தான் வேண்டும்: ஜார்ஜ் வாக்கர் என்ற கறுப்பினக் கலைஞர் 1945லேயே அதே கர்ட்டிஸில் பட்டம் பெற்றிருக்கிறார், பின்னாளில் 1996இல் இசைக்கான புலிட்சர் விருதும் வாங்கினார். அதனால் சிமோன் நினைத்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் உள்ளே போனார் என்பதால் வாசலில் காவல் இல்லை என்று ஆகிவிடாது. அந்த அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது பேசியவர்களோடு போய்விட்டது.

ஆனால் ஒரு பிரபலமான கதையோடு எனக்கு உடன்பாடில்லை. கர்ட்டிஸ் கதவைச் சாத்தியதால்தான் கோபத்தில் பாக்கை எடுத்துக்கொண்டு பாரில் போய் வாசித்தார் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது அதைவிடச் சாதாரணமானது. 1954இல் அட்லாண்டிக் சிட்டியில் மிட்டவுன் பார் என்ற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார், வாரம் 90 டாலர். சம்பளத்தில் கர்ட்டிஸின் ஆசிரியர் விளாடிமிர் சோகொலோஃபிடம் தனியாகப் பாடம் தொடரலாம் என்பது கணக்கு. மாலை உடுப்பு போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து, குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டதற்குப் பால் கேட்டார். முதல் நாள் வாசித்து முடித்ததும் முதலாளி, பியானோ நன்றாக இருக்கிறது, நாளையிலிருந்து பாடவும் வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்றார். அதுவரை பாடகி என்று அவர் தன்னை நினைத்ததே கிடையாது. இந்த மாதிரிப் பாட்டைப் பிசாசின் இசை என்று ஒதுக்குகிற அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். சிமோன் என்பது பிரெஞ்சு நடிகை சிமோன் சினோரேவிடமிருந்து வந்தது.

இரவு முழுக்க வாசிக்க வேண்டும். தெரிந்த ஸ்டாண்டர்டு பாட்டுகள் கொஞ்சம். சர்ச் பாட்டுகள் நிறைய. பாக், செர்னி, லிஸ்ட் எல்லாம் விரல்களில் இருக்கின்றன. ஒரு பாட்டை அரை மணி நேரம் இழுக்க வேண்டிய நிலையில் இருக்கிற ஒருவர் எதை வாசிப்பார்? கையில் இருப்பதை வாசிப்பார். பாக் அவருக்குப் பழிவாங்கும் ஆயுதம் இல்லை, தாய்மொழி. வாழ்நாள் முழுக்கத் தன்னை ஜாஸ் கலைஞர் என்று சொன்னால் முகம் சுளித்தார். தான் வாசிப்பது கறுப்பினத்தவரின் செவ்வியல் இசை என்பார். ஜாஸ் பற்றிப் பேச அழைத்த உங்களிடம் இதை மறைக்கக் கூடாது அல்லவா?

செவ்வியல் மெட்டை ஜாஸில் கலந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை. ஜாஸ் பியானோ கலைஞர் ஆர்ட் டேட்டம் 1940இல் த்வோர்ஷாக்கின் 'ஹ்யூமரெஸ்க்'கை ஸ்விங் செய்து பதிவு செய்தார். மாஸ்னேயின் துயரமான 'எலெஜி'யை வாசிக்கும்போது நடுவில் சூசாவின் ராணுவ அணிவகுப்பு மெட்டைக் குறும்பாக நுழைப்பார். டிரினிடாடில் பிறந்த ஹேசல் ஸ்காட், நியூயார்க்கின் கஃபே சொசைட்டியில் ஷோப்பானையும் லிஸ்டையும் ஸ்விங் செய்தே புகழ்பெற்றவர். அவருடைய வழி என்னவென்றால், முதலில் எழுதியபடியே ஒழுங்காக வாசிப்பார். சபை அடங்கி உட்காரும். திடீரென்று இடது கை துள்ளும். சபை கூச்சல் போடும். இதில் தவறே இல்லை, அசாத்தியமான விரல்கள். ஆனால் அந்த வகையில் இரண்டு இசையும் வரிசையில் நிற்கின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இன்று நடக்கிற ஃப்யூஷன் மேடைகளில் முக்கால்வாசி இந்த வகைதான். இரண்டு நிமிடம் ஆலாபனை, டிரம்ஸ் நுழைந்ததும் கைதட்டல், அதோடு கலந்துவிட்டதாகக் கணக்கு. எனக்குச் சலித்துவிட்டது, உங்களுக்கு எப்படியோ.

சிமோனின் வழி வேறு. அதற்கு நல்ல சாட்சி அதே நாட்களில் பதிவான 'லிட்டில் கேர்ள் ப்ளூ'. ரிச்சர்ட் ராஜர்ஸ் இசை, லோரென்ஸ் ஹார்ட் வரிகள். 1935இல் 'ஜம்போ' என்ற சர்க்கஸ் நாடகத்துக்காக எழுதியது. நாதியற்ற ஒரு பெண்ணைப் பார்த்துப் பாடும் பாட்டு. உட்கார், விரல்களை எண்ணு, மழைத்துளிகளை எண்ணு, உனக்கு வேறென்ன வேலை என்கிறது.

சிமோனின் பதிவு இந்த மெட்டோடு தொடங்குவதில்லை. பியானோ முதலில் வாசிப்பது 'குட் கிங் வென்செஸ்லாஸ்' என்ற கிறிஸ்துமஸ் கேரல். ஆங்கில கேரல் ஆராதனைக்குப் போயிருப்பவர்களுக்கு உடனே பிடிபடும். ஸ ஸ ஸ ரி ஸ ஸ, பிறகு மந்தர பஞ்சமம். ஒரு குழந்தை ஒற்றை விரலால் வாசிக்கக்கூடிய மெட்டு. இதைச் செவ்வியல் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். பாக்கைவிட நூறு ஆண்டு மூத்தது: 1582இல் அச்சான 'பியே கான்ஷியோனெஸ்' என்ற லத்தீன் பாடல் தொகுப்பில் இருக்கிறது. அங்கே அது வசந்தம் வந்துவிட்டது, பூ பூத்துவிட்டது என்ற பாட்டு. 1853இல் ஜான் மேசன் நீல் என்ற ஆங்கிலேயக் குரு அதே மெட்டுக்குப் பனிக்காலக் கதை ஒன்றை எழுதினார். வசந்தப் பாட்டைக் கிறிஸ்துமஸ் பாட்டாக்கிய வேலை சிமோனுக்கு முன்பே நடந்துவிட்டது.

இரண்டு வரி கேரல் போனதும் குரல் நுழைகிறது, ராஜர்ஸின் மெட்டில். முன்னுரை முடிந்து பியானோ அடங்கிவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். அது அடங்குவதில்லை. கேரல் கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது, மேலே குரல் வேறு பாட்டைப் பாடுகிறது. ஒரே தொண்டையும் ஒரே ஜோடிக் கையும் இரண்டு பாட்டைச் சேர்த்து நடத்துகின்றன. இது எப்படி இடிக்காமல் போகிறது? இரண்டும் ஒரே கார்டுகளின் மேல் நிற்கும்படி வேகத்தைக் குறைத்து இணக்கியிருக்கிறார். ராஜர்ஸின் மெட்டு வாக்கியக் கடைசியில் நீண்ட ஸ்வரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கேரல் தன் அடியை எடுத்து வைக்கும். ஒன்று நகரும்போது மற்றது இடம் விடுகிறது. இன்வென்ஷன் வாசித்துப் பழகிய கைக்கு இது கணக்காகக்கூடத் தோன்றியிருக்காது.

இனி சொல்லப்போவது என் கேட்பு, சிமோன் இப்படிச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேரலின் கதையில் ஓர் அரசன் சன்னல் வழியே பார்க்கிறான். பனியில் ஓர் ஏழை விறகு பொறுக்குகிறான். அரசன் தன் பணியாளனை அழைத்து, உணவும் மதுவும் விறகும் எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போகிறான். மேலே பாடும் பாட்டிலும் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சன்னலிலிருந்து யாரும் பார்ப்பதில்லை. கேட்கிறவருக்குக் கேரலின் வரிகள் தெரிந்திருக்கும் என்பது அமெரிக்காவில் நிச்சயம். ஆகவே அந்தப் பியானோ வரியில்லாமலே ஓர் உதவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது, குரல் அது வராததைப் பற்றிப் பேசுகிறது. ஒன்றன் பின் ஒன்றாக வாசித்திருந்தால் இந்த அர்த்தம் பிறந்திருக்காது. சர்ச்சில் வளர்ந்த பெண்ணுக்குக் கை போன போக்கில் அந்த மெட்டு வந்தது, அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் அதையும் மறுக்க மாட்டேன். கை போன போக்கில் வருவதும் எங்கிருந்தோதான் வருகிறது.

நம் ஊரிலும் இதைச் செய்து காட்டியவர் இருக்கிறார். இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்'டில், பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் முதல் பகுதி அப்படியே ஓட, அதன் மேல் தன் இசையை ஏற்றியிருப்பார். தழுவலும் இல்லை, மேற்கோளும் இல்லை, சேர்ந்து நடப்பதுதான். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு மாலை வேண்டும்.

பணக் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். இந்தப் பதிவுகளின் உரிமையைச் சிமோன் சுமார் 3,000 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1959இல் ஆல்பம் வந்தது, அதிலிருந்த 'ஐ லவ்ஸ் யூ, போர்கி' அமெரிக்காவில் முதல் இருபதுக்குள் போனது. 1987இல் ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தால் அதே ஆல்பத்தின் இன்னொரு பாட்டு பிரிட்டனில் முதல் பத்துக்குள் ஏறியது. முப்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு கையெழுத்து அப்போதும் குறுக்கே நின்றது. கர்ட்டிஸ் கழகம் 2003 ஏப்ரலில் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. இரண்டு நாள் கழித்து, 21ஆம் தேதி, பிரான்ஸில் காலமானார்.

இப்போது 'லிட்டில் கேர்ள் ப்ளூ' போடச் சொல்கிறேன், இரண்டு தடவை. முதல் தடவை குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை குரலை விட்டுவிட்டுக் கேரலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். எங்கே நழுவவிட்டீர்கள் என்று பிறகு பேசலாம். தம்பி, போடுங்கள்.